நுரைக்காத சோப்பு

அந்தக் கோடையில் கடல் ஆற்றுக்குள் ஏறி வந்துவிட்டது. எங்கள் பஸ்ரா நகரத்தில் எந்தக் குழாயைத் திறந்தாலும் உப்புத் தண்ணீர். குளித்தால் தலைமுடி கயிறு போல விறைத்துக்கொண்டது. நல்ல தண்ணீருக்கு லாரியை நம்பித்தான் இருந்தோம். எங்கள் தெருவுக்கு அது மூன்று நாளைக்கு ஒருமுறை வந்தது.

எதிர்வீட்டு பத்ரியாவின் மகன் முஹன்னதுக்கு அன்றைக்கு மாலை முறைப்படி பெண் கேட்கப் போவதாக இருந்தது; பெண் வீட்டார் ஏற்கெனவே சம்மதம் சொல்லியிருந்தார்கள். அவளுடைய கணவர் ஹாத்திம் காலையிலேயே கண்ணாடி முன்னால் முகம் மழிக்க உட்கார்ந்துவிட்டார். துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவர். ஒருநாள்கூட தாடியோடு வேலைக்குப் போனதில்லை என்று சொல்லிக்கொள்வார்.

எவ்வளவு தேய்த்தும் சோப்பு நுரைக்கவில்லை. திரிந்த பால் போல பிரஷ்ஷில் வெள்ளை வெள்ளையாக ஒட்டியது. முகத்தில் பூசினால் அடுத்த நிமிஷமே காய்ந்தது.

"உம் முஹன்னத், சோப்புன்னு சொல்லி யாரோ உன் தலையில சுண்ணாம்பைக் கட்டிட்டான்" என்றார், மனைவியை எப்போதும்போல 'முஹன்னதின் அம்மா' என்று அழைத்து.

"சோப்பு நல்ல சோப்புதான். கப்பல் ஓடுற தண்ணியில போட்டுத் தேய்ச்சா நுரை எங்கேருந்து வரும்?"

"அப்போ நல்ல தண்ணி ஒரு குவளை கொடு."

சமையலறையில் ஒரே ஒரு கேன் இருந்தது. பெண் வீட்டிலிருந்து திரும்பி வரும் இருபது பேருக்கும் அதில்தான் தேநீர் போட வேண்டும். லாரி மறுநாள்தான் வரும். பத்ரியா அந்தக் கணக்கையெல்லாம் சொல்லி, ஒரு குவளைகூடத் தர முடியாது என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, பேரீச்சம்பழப் பணியாரத்துக்கு மாவு பிசைந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

ஹாத்திம் வலது கன்னத்தை மட்டும் எப்படியோ மழித்தார். இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் வாசல் கதவு சாத்தும் சத்தம் பத்ரியாவுக்குக் கேட்டது. இரண்டு தெரு தள்ளி முடிதிருத்தும் கடை இருக்கிறது. நடுவில் பெரிய சாலை. பாதி மழித்த முகத்தை யாரும் பார்க்கக் கூடாதென்று துண்டால் இடது பக்கத்தை மூடிக்கொண்டு போயிருக்கிறார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த பிக்கப் வண்டி அவருக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

ஹாத்திமின் உடலைக் குளிப்பாட்டக் கொண்டுபோனபோது பத்ரியா அழாமல் எழுந்து சமையலறைக்குப் போனாள். கிண்ணத்தில் நல்ல தண்ணீர் ஊற்றி அதே சோப்பைத் தேய்த்தாள். நுரை விளிம்பு வரை பொங்கி வந்தது. அதைத் தட்டால் மூடிக் கொழுந்தன் ஜாஸிபிடம் கொடுத்து, அந்த இன்னொரு கன்னத்தை முடித்துவிடச் சொல் என்றாள்.

ஜாஸிப் கிண்ணத்தைத் திருப்பிக் கொண்டுவந்தான். இறந்தவர் உடம்பிலிருந்து ஒரு முடியைக்கூட எடுக்கக் கூடாது, எப்படி இருக்கிறாரோ அப்படியே போகட்டும் என்று குளிப்பாட்டுகிறவர் சொல்லிவிட்டாராம். வலது பக்கம் மழமழவென்றும் இடது பக்கம் நரைத்த முள்ளாகவும் இருந்தபடியேதான் அவரை அடக்கம் செய்ய நஜஃபுக்கு எடுத்துப் போனார்கள்.

துக்கம் கேட்க வந்தவர்களுக்கு மூன்று நாளும் கசப்புக் காப்பி கொடுத்தோம். முதல் நாளே அந்தக் கேன் காலியாகிவிட்டது. வேறு யாரையும் தொட விடாமல் பத்ரியாதான் கேனைச் சாய்த்துச் சாய்த்து ஊற்றினாள்.

முஹன்னத் தாடியை வளர விட்டான். துக்கத்தில் ஆண்கள் அப்படித்தான் விடுவார்கள். ஆனால் அவன் வாயையும் சேர்த்து மூடிக்கொண்டான். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் தாயின் முகத்தைப் பார்ப்பதே இல்லை. தண்ணீர் விஷயம் அவனுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது என்று பத்ரியா நினைத்தாள்.

நாற்பதாம் நாள் பெண்ணின் தகப்பன் ஹாஜி காலிப் துக்கத்தை முடித்துவைக்க ஒரு முடிதிருத்துகிறவரோடு வந்தார். தாடியை எடுத்துவிடுங்கள், பெண்ணைப் பற்றி நாங்கள் சொன்ன சொல் அப்படியே நிற்கிறது என்றார். ஜாஸிப் முதலில் மழித்துக்கொள்ள உட்கார்ந்தான். முஹன்னத் எழுந்து முற்றத்துக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான்.

பத்ரியா பின்னாலேயே போனாள். நான் தேநீர்த் தட்டோடு கதவருகே இருந்தேன்.

"என்மேல இருக்கற கோவத்துல அந்தப் பொண்ணை நோகடிக்காதடா" என்றாள். "ஒரு குவளை தண்ணிதான் கேட்டார். நான் குடுக்கல. குடுத்திருந்தா வீட்டைவிட்டே வெளிய போயிருக்க மாட்டார்."

அவன் மெல்லத் திரும்பினான். "என்ன தண்ணி?"

அவள் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான்.

"யும்மா, அவரைக் கடைக்கு அனுப்புனது நான். மத்த பக்கத்துக்கும் சோப்பு போட்டுட்டுத்தான் இருந்தார். இந்த மூஞ்சியோட வந்து என் மானத்தை வாங்காதீங்க, கடைக்குப் போங்கன்னு சொன்னேன். சரிடா மாப்பிள்ளைன்னு சிரிச்சுக்கிட்டே போனார்."

பத்ரியா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாற்பது நாளும் ஒரே வீட்டில் இரண்டு பேரும் தனித்தனியாக இதைச் சுமந்துகொண்டு, ஒருவர் முகத்துக்கு ஒருவர் பயந்திருக்கிறார்கள். "உன் தப்பு இல்லடா" என்று அவள் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை. அவனுடைய தலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்தத் தாடியை வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தாள். அவள் வாய்விட்டு அழுததை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.

உள்ளே ஹாஜி காலிப் காத்திருந்தார். கடைசியில் முஹன்னத் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். முடிதிருத்துகிறவர் வைத்திருந்தது டப்பா நுரை; அவர் தண்ணீரே கேட்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை பெண் கேட்கப் போனார்கள். தகப்பனுடைய இடத்தில் ஜாஸிப் உட்கார்ந்தான். குலவை வேண்டாம் என்று பெண் வீட்டுக்காரர்களே சொல்லிவிட்டார்கள். நிச்சயத்துக்காகக் கைகளை ஏந்தி, குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவை ஒருமுறை ஓதினார்கள். பிறகு யாரும் சொல்லாமலே ஹாத்திமுக்காக இன்னொரு முறை ஓதினார்கள். ஓதி முடித்து எல்லாரும் கையை இறக்கிய பிறகும் முஹன்னத் மட்டும் இறக்கவில்லை.