வெட்டாமல் சொன்ன பெயர்

பச்சையம்மன் கோயில் வாசலில் சஹானாவின் படம் எட்டடி உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது. பட்டமளிப்பு விழாவில் எடுத்த படம். கறுப்பு அங்கி, சதுரத் தொப்பி, கண் பாதி மூடிய சிரிப்பு. ‘செய்யூர் மண்ணில் ட்ரஃபிள் கண்டுபிடித்த எங்கள் வீட்டு மருமகள்’ என்று சிவப்பு எழுத்தில் ஃபிளெக்ஸ். கீழே உறவுக்காரர்களின் தலைகள் வட்டவட்டமாக. வேனை விட்டு இறங்கியவள் முதலில் பார்த்தது அதைத்தான். திரும்பி வேனில் ஏறிக்கொள்ளலாமா என்று பார்த்தாள். அண்டா, பொங்கல் பானை, அத்தைமார், சித்தப்பாமார் என்று எல்லாம் வழியை அடைத்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தன.

இத்தனைக்கும் அவள் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்தான்.

கல்பாக்கம் குடியிருப்பில் வளர்ந்த பெண். தாவரவியலில் எம்.எஸ்சி. படித்துவிட்டு, படிப்புக்குச் சம்பந்தமே இல்லாமல் சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை. அங்கே ஜெகதீசனைக் காதலித்துக் கட்டிக்கொண்டாள். இருவருக்கும் வீட்டிலிருந்தே வேலை என்றானதும் செய்யூர்ப் பக்கம் அவன் ஊருக்கே வந்துவிட்டார்கள். வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவளிடம் கேட்கப்பட்ட கேள்விகள் மூன்று. சாப்டியா, துணி காஞ்சிச்சா, விசேஷம் எதுனா உண்டா. மூன்றாவதுக்கு இன்னும் பதில் இல்லாததால் அதுதான் அடிக்கடி வந்தது.

இந்த நிலைமையில்தான் மழை விட்ட ஒரு காலையில் மாமனார் அருணகிரி சவுக்குத் தோப்பிலிருந்து வந்து, துண்டை அவிழ்த்து ஒரு மண் உருண்டையை அவள் கையில் வைத்தார். எலுமிச்சை அளவு. பழுப்பு நிறம், வெடித்த தோல், கல் போன்ற கெட்டி.

“சருகு வார சொல்லோ மண்ணுக்குள்ள கீது. இது இன்னாம்மா? நீதான் செடி கொடி படிச்ச பொண்ணாச்சே.”

அவள் படித்ததைப் பற்றி அந்த வீட்டில் ஒருவர் கேட்டதே அதுதான் முதல் தடவை. சஹானாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உருட்டிப் பார்த்தாள். “ட்ரஃபிள் மாதிரி இருக்கு மாமா,” என்றாள். மண்ணுக்கடியில் விளையும் காளான், வெளிநாட்டில் நாயை விட்டு மோப்பம் பிடித்து எடுப்பார்கள், அவ்வளவு உசத்தி என்று போனில் வீடியோவும் காட்டினாள். சாயங்காலத்துக்குள் ‘மாதிரி’ உதிர்ந்துபோய், ஊர் முழுக்க ட்ரஃபிள் மட்டும் சுற்றியது.

மண்ணுக்கடியில் கிடைத்ததை வெட்டிப் பார்க்காமல் பெயர் சொல்லாதே என்று அவளுக்குப் பாடம் எடுத்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தார்கள். அன்றே அது நினைவு வந்து, கத்தியை எடுத்தாள். மாமியார் விஜயகுமாரி வெடுக்கென்று கத்தியைப் பிடுங்கிக்கொண்டார்.

“அய்ய, மொத வெளச்சலு! அம்மனுக்கு முழுசா வெக்காம கத்தி படக்கூடாது.”

அந்தக் குடும்பத்தில் அப்படித்தான். முதல் பூசணி, முதல் வாழைத்தார், எதுவானாலும் குலதெய்வத்தின் முன்னால் முழுசாக வைத்த பிறகுதான் கத்தி. அதுவரை, தோப்பில் தோண்டிச் சேர்த்த மற்ற உருண்டைகளையும் இதோடு கூடையில் போட்டுப் பூஜை அறையில் வைத்துவிட்டார்கள். யாருக்கும் தெரியாமல் தோப்புக்குப் போய் ஒன்றை வெட்டிப் பார்க்கலாம் என்று ஜெகதீசனைக் கேட்டாள். “எங்கப்பாக்குத் தெரிஞ்சா பேஜாரு. வுடு,” என்று அவன் கணினிக்குத் திரும்பிவிட்டான். தனியாகப் போகலாமென்றால், புது மருமகள் தெருமுனையைத் தாண்டுவதற்குள் நாலு பேர் எங்கேம்மா என்று கேட்பார்கள்.

கடைசியில் மாமனாரிடமே போய் நின்றாள். “வெட்டிப் பாத்தாதான் மாமா உறுதியாத் தெரியும்.”

“ஞாயித்துக்கெழம கோயில்ல படைக்க சொல்லோ நீயே மொத கத்தி போடும்மா,” என்றார் அவர், பெருமையாக. சரி, சமைப்பதற்கு முன்னால் பார்த்துவிடலாம், தப்பென்றால் அங்கேயே சொல்லிவிடலாம் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். அங்கே ஃபிளெக்ஸ் இருக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

பம்பை முழங்கியது. அம்மன் காலடியிலிருந்து கூடையைக் கொண்டுவந்து அருவாமனைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். சுற்றிலும் ஐம்பது அறுபது பேர். ஜெகதீசன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீடியோ எடுத்தான். சஹானா ஓர் உருண்டையை எடுத்து அருவாமனையில் வைத்து இரண்டாக்கினாள்.

உள்ளே கறுப்பு.

“கறுப்பு! வீடியோல வந்த அதே கறுப்பு!” என்று கூட்டம் ஆரவாரித்தது. யாரோ விசிலடித்தார்கள். சஹானா துண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். நிஜமான ட்ரஃபிளின் உள்ளே வெள்ளை வரிகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும். தோல் மெல்லியதாக இருக்கும். இதில் அரை விரல் தடிமனுக்கு வெள்ளைத் தோல், அதற்குள் ஊதா கலந்த கறுப்பு மாவு. வரி என்பதே இல்லை. அடியில் வேர்க்கொத்து மாதிரி நூல் நூலாகத் தொங்கியது. மோந்து பார்த்தாள். சைக்கிள் கடை ட்யூப் நாற்றம். இது போலி. வெறும் போலியென்றால்கூடப் பரவாயில்லை, தின்றவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுகிற விஷப் போலி.

“மாமா,” என்று அவர் காதருகே போனாள். “இது அது இல்ல மாமா. நான் தப்பாச் சொல்லிட்டேன். இதச் சாப்பிடக் கூடாது, விஷம்.”

அருணகிரி சிரித்த முகம் மாறாமலே அவளை ஓரமாக அழைத்துப்போனார். “இவ்ளோ ஜனத்துக்கு முன்னாடி அப்டிச் சொல்லாதம்மா. எங்கிருந்தோ ஒரு பொண்ண இட்டுகினு வந்துட்டான், ஒரு கோலம் போடத் தெரியல, கொழம்பு வெக்கத் தெரியலன்னு எவ்ளோ பேசினாங்க தெரியுமா? இன்னிக்கித்தான் வாய மூடிகினு கீறாங்க. சாமிக்குப் படைச்சது ஒண்ணும் பண்ணாது.”

அவளுக்காகத்தான் அந்த மனுஷன் ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறார். திட்டியிருந்தால்கூட எதிர்த்துப் பேசியிருப்பாள்.

அதற்குள் மாமனாரின் அக்கா பூவாயி அருவாமனையில் உட்கார்ந்து கூடையைக் காலி செய்துகொண்டிருந்தார். ஒரு துண்டைக் கொதிக்கும் மஞ்சள் தண்ணீரில் போட்டு எல்லோருக்கும் காட்டினார். “பாத்துக்கோ. வெசமுன்னா மஞ்சா செவந்துடும். செவக்கல. நம்ப வூட்ல காளான இப்டித்தான் பாக்குறது.”

“அப்படியெல்லாம் தெரியாதுங்க. மஞ்சளுக்கும் விஷத்துக்கும்...”

“நீதானே கண்டுபுட்ச? இப்ப இன்னா மாத்திப் பேசிகினு கீற? நாங்க துன்னா ஒனக்குக் கொறஞ்சிடுமா?” என்றார் பூவாயி. கூட்டம் சிரித்தது.

மசாலா அரைத்து ஊற்றியதும் ட்யூப் நாற்றமும் போய்விட்டது. குழம்பு நன்றாகத்தான் மணந்தது, அந்தப் பாழாய்ப்போன குழம்பு. சஹானா ஜெகதீசனின் கையைப் பிடித்து இழுத்தாள். கொதித்தால் எல்லாம் செத்துவிடும் என்றான் அவன். இது கிருமி இல்லடா என்று பல்லைக் கடித்தாள். “இப்ப நிறுத்தினா அப்பா அசிங்கப்பட்டுடுவாரு சானா. ப்ளீஸ்.” காதலிக்கும்போது இவனுக்கு முதுகெலும்பு இருந்ததா என்று யோசித்துப் பார்த்தாள். நினைவு வரவில்லை.

முதல் பந்தி எப்போதும் பிள்ளைகளுக்கு. கோயில் முன்னால் வரிசையாக இலை விழுந்தது. பதினைந்து இருபது பொடிசுகள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்து ஒருவர் மேல் ஒருவர் விசிறிக்கொண்டன. அருணகிரி தன் கையாலேயே குழம்பு வாளியைத் தூக்கினார்.

உண்மையைச் சொல்லியாகிவிட்டது. உண்மைக்கு இங்கே மதிப்பில்லை. இந்த இடத்தில் எதற்கு மதிப்பு உண்டு என்று அவளுக்குத் தெரியும். கத்தினாள்.

“அத்தை! நான் தூரமாயிட்டேன்!”

பம்பை நின்றது. அருணகிரியின் கை வாளியோடு நின்றது. தீட்டுப்பட்டவள் கைபட்டு வெட்டிய படையல்! பூவாயி மார்பில் அடித்துக்கொண்டார். பிள்ளைகளை எழுப்பினார்கள். குழம்பு, பொங்கல், மீதி உருண்டைகள் எல்லாம் கோயிலுக்குப் பின்னால் குழி தோண்டிக் கொட்டப்பட்டன. மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். விஜயகுமாரி, இந்த மாதமும் இல்லையா என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார், அவ்வளவுதான்.

சஹானாவை வேலிக்கு வெளியே வேனருகில் தனியாக உட்காரவைத்தார்கள். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் வேலிக்கு உள்ளே பிள்ளைகள் பிஸ்கெட் பாக்கெட்டுக்கு அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்கக் கேட்க, போதும், இது போதும் என்று அழுகையும் சிரிப்புமாக வந்தது.

கொஞ்ச நேரத்தில் அருணகிரி வந்தார். பத்தடி தள்ளியே நின்றார். முகத்தில் கோபமில்லை.

“உம்மேல தப்பு இல்லம்மா. ஒடம்பு, யாரு இன்னா பண்ண முடியும்? நீ மூணு நாளு வூட்ல ரூமுல இரு. தலைக்கு ஊத்திக்கோ. தோப்புல இன்னும் நெறய கெடக்குது. நாளான்னிக்கு செவ்வாக்கெழம, அம்மனுக்கு ஒகந்த நாளு. எல்லாரும் அதுவரைக்கும் தங்குறாங்க. நாங்களே வெட்டி, நாங்களே படைச்சிக்கிறோம். நீ கவலப்படாத.”

ஆறுதல் சொல்லிவிட்ட திருப்தியோடு அவர் போய்விட்டார். சஹானா அப்படியே உட்கார்ந்திருந்தாள். செவ்வாய்க்கிழமை. அதே தோப்பு, அதே உருண்டை, அதே பிள்ளைகள். அவள் மட்டும் ரூமுக்குள், அவளே போட்டுக்கொண்ட தாழ்ப்பாளுக்குப் பின்னால். பொய் என்று சொன்னால் சாமி முன்னால் பொய் சொன்னவள். அவள் பேச்சை அதற்குப் பிறகு யார் நம்புவார்கள்? சொல்லாவிட்டால் செவ்வாய்க்கிழமை.

எழுந்தாள். வேலியைத் தாண்டினாள். “ஏய், ஏய், எங்க போற?” என்று பூவாயி அலறியதைக் கேட்காமல் நேரே கருவறை வாசலுக்குப் போய், தட்டிலிருந்த குங்குமத்தை எடுத்து நெற்றியில் அழுத்தி வைத்துக்கொண்டாள்.

“நான் தூரமில்ல. பொய் சொன்னேன். உங்க அம்மன் முன்னாலதான் பொய் சொன்னேன்.”

ஆளாளுக்குக் கத்தினார்கள். அடிப்பாவி என்றது ஒரு குரல். ஜெகதீசன் போனைப் பையில் போட்டான். அருவாமனைக்கு அடியில் உருண்டுபோய் யார் கண்ணிலும் படாமல் கிடந்த அரைத் துண்டைச் சஹானா எடுத்தாள். மாமனாரின் முன்னால் போய் உள்ளங்கையை நீட்டினாள்.

“ஏன் பொய் சொன்னேன்னு ஒருத்தராவது கேளுங்க மாமா.”

அருணகிரி அவளைப் பார்த்தார். நெற்றிக் குங்குமத்தைப் பார்த்தார். பிறகு அவள் கையிலிருந்ததை. சத்தம் அடங்க வெகுநேரம் பிடித்தது.

“இது இன்னாம்மா?” என்றார்.

இந்தத் தடவை அவள் அவசரப்படவில்லை. தோலின் தடிமனைக் காட்டினாள். வரி இல்லாததைக் காட்டினாள். விரலால் தேய்த்து மாவை உதிர்த்துக் காட்டினாள். மோந்து பாருங்கள் என்றாள். தின்ற கொஞ்ச நேரத்தில் வாந்தியெடுக்கும், வயிறு முறுக்கும், உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டும், பெரியவர்களே தாங்க மாட்டார்கள் என்றாள். முதலில் பெயர் சொன்னதும் நான்தான், வெட்டாமல் சொன்னது என் தப்பு என்றாள்.

அருணகிரி துண்டை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். முகம் சுளித்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே, எடுக்காமல் கிடந்த வாழை இலைகளைப் பார்த்தார். ஒவ்வோர் இலை முன்னாலும் சின்னச் சின்னதாய்த் தண்ணீர் டம்ளர். அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

“புள்ளைங்களத்தானம்மா மொதல்ல ஒக்கார வெச்சேன்,” என்றார்.