மழைக்கும் அழியாத மஞ்சள்

என் வீட்டுக்காரர் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவர். ஊரில் பாதிப் பேருக்குக் கியர் போடக் கற்றுக்கொடுத்தது அவர்தான். மீதிப் பாதி வேறு எங்கோ கற்றுக்கொண்டதால்தான் ஊர் இந்த லட்சணத்தில் இருக்கிறது என்பது அவர் கட்சி. அவருடைய வெள்ளைக் காரின் இரண்டு பக்கமும் 'ஒரு கை தள்ளிப் போ' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். சைக்கிளைத் தாண்டுகிற வண்டி ஒரு கை நீளமாவது விலகிப் போகவேண்டும் என்பது எங்கள் நகரத்துச் சட்டம். சட்டம் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. சாலையில்தான் அதைக் காணோம்.

நான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். கடைக்குச் சைக்கிளில்தான் போய் வருகிறேன். ஏறி மிதித்தால் எனக்கு மனசு லேசாகிவிடும். வீட்டிலிருந்தும் கடையிலிருந்தும் யாரும் கூப்பிட முடியாத நேரம் அது ஒன்றுதான். போன மழைக்காலத்தில் ஒரு பால் வண்டி உரசிவிட்டுப் போனதில் சாக்கடை மூடி மேல் விழுந்து முழங்கை பிசகியது. கட்டுப் பிரித்த அன்றைக்கே வீட்டுக்காரர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"போதும். சைக்கிளை வித்துடு. நான் கார்ல கொண்டுபோய் விடறேன்."

அவர் காரில் போவது என்றால் வழி நெடுக வகுப்பு நடக்கும். கண்ணாடியைப் பார்த்தாயா, சிக்னலைக் கவனித்தாயா என்று சும்மா உட்கார்ந்திருக்கிறவளுக்கும் பாடம். அதற்கு இன்னொரு முழங்கையைப் பிசகிக்கொள்ளலாம்.

"ரோட்டோரமா சைக்கிளுக்குன்னு தனியா கோடு போட்டுட்டா?" என்றேன்.

"கோடு மனுஷன் மனசுல இருக்கணும். ரோட்டுல போட்டு என்ன ஆகப்போகுது?"

"நகர மன்றம் போடறேன்னு சொல்லிட்டா?"

"சொல்லட்டும், அப்புறம் உன் இஷ்டம். முடியாதுன்னுட்டா சைக்கிள் போயிடணும். சரியா?"

சரி என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். வாய் இருக்கிறதே, அது முழங்கையைவிடச் சீக்கிரம் பிசகும். மன்றம் யாரைக் கேட்டு முடிவெடுக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. வண்டி ஓட்டுகிறவர்கள் சார்பில் கருத்துச் சொல்ல அவர்கள் அழைத்திருந்தது என் வீட்டுக்காரரை. வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய் முறையிடுவது?

எங்கள் சைக்கிள் சங்கம் என்பது நான், பெயின்டர், பல் டாக்டரம்மா, அவ்வளவுதான். டாக்டரம்மாவுக்குக் கொறடு என்று ஊரில் பெயர்; அது அவருக்கும் தெரியும், தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார். நாங்கள் மனுக் கொடுத்துப் பார்த்தோம். பதாகை பிடித்து நின்று பார்த்தோம். நின்ற இடம் பஸ் நிறுத்தம் என்பதால், ஏறத்தான் நிற்கிறோம் என்று நினைத்து ஒவ்வொரு பஸ்ஸும் நின்று, எங்களைத் திட்டிவிட்டுப் போனதுதான் மிச்சம்.

பெயின்டர்தான் யோசனை சொன்னார். சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற உருளையை ஒரு கை நீளக் கம்பின் நுனியில் மாட்டி, வண்டிகள் போகும் பக்கமாகச் சைக்கிள் கேரியரிலிருந்து நீட்டிக் கட்டுவது. உருளையில் மஞ்சள் பெயின்ட்.

"சட்டப்படி போறவன் மேல ஒரு சொட்டு படாதுக்கா. உரசிட்டுப் போறவன் தானா வந்து வாங்கிட்டுப் போவான்."

டாக்டரம்மா பயந்தார். "அடுத்தவங்க வண்டியைக் கெடுக்கறது குத்தம். ஈரத்துணியால துடைச்சா போயிடற பெயின்ட்டா இருந்தாத்தான் நான் வருவேன்."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன் டாக்டரம்மா" என்றார் பெயின்டர். எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

தினமும் காலையில் எங்கள் தெருமுனையில் இருக்கும் பெயின்டர் கடையில் கம்பைக் கட்டிக்கொள்வோம். மாலையில் அங்கேயே கழற்றி வைத்துவிடுவோம், என் வீட்டுக்காரர் கண்ணில் படாமல். உடுப்பில் தெறிக்காமலிருக்க ஆளுக்கொரு பச்சை பிளாஸ்டிக் கோட்டும் கொடுத்தார், தலையை மூடும் தொப்பியோடு. அதைப் போட்டுக்கொண்டால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

முதல் நாளே வசூல் அமோகம். ரொட்டி வண்டி வாங்கியது. டாக்ஸிகள் வரிசையாக வாங்கின. ஒரு பஸ், முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை நூல் பிடித்தாற்போலக் கோடு வாங்கிக்கொண்டு போனது. பெயின்டர் சைக்கிளை நிறுத்திவிட்டு அது மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார். "என்னா ஃபினிஷிங் பாருங்கக்கா!" போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் டாக்டரம்மாவை ஒட்டித் தாண்டியதில் போலீஸ்காரர் காற்சட்டையில் ஒரு கால் மட்டும் மஞ்சளானது. அந்த நடுக்கத்தில் டாக்டரம்மா அன்றைக்கு ஒருவருடைய நல்ல பல்லைப் பிடுங்கப் பார்த்தாராம். நல்லவேளை, பல்லுக்குச் சொந்தக்காரர் தூங்கவில்லை.

சில நாளில் ஊர் முழுக்க மஞ்சள் கோடு. கோடு கிடைக்காத சிலர் இது ஏதோ புது மோஸ்தர் என்று நினைத்து, பெயின்டரிடமே வந்து கேட்டுப் போட்டுக்கொண்டார்கள்.

அப்புறம்தான் ஒரு சங்கதி எங்களுக்கு உறைத்தது. கோடு போகவில்லை. ஊரே கழுவியது, தேய்த்தது, மண்ணெண்ணெய் போட்டுப் பார்த்தது. அது அசையவில்லை. டாக்டரம்மா பெயின்டர் கடைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"துடைச்சா போயிடும்னு சொன்னீங்களே!"

"அது நீங்க சொன்னது. நான் பாத்துக்கறேன்னுதான் சொன்னேன்." பெயின்டர் தலையைச் சொறிந்தார். "நீங்க சொன்னதைத்தான் வாங்கிட்டு வந்தேன் டாக்டரம்மா. டப்பாவைத் தொறந்தா மனசு கேக்கல. நான் அடிச்ச பெயின்ட் போயிடுச்சுன்னு நாளைக்கு நாலு பேர் சொல்லிட்டா என் பொழப்பு என்னாவறது? நம்ம சரக்கையும் கொஞ்சம் கலந்துட்டேன். அஞ்சு வருஷத்துக்கு அசையாது."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். எங்கள் குரங்குக்கு ஐந்து வருட கேரண்டி வேறு.

வீட்டிலோ என் வீட்டுக்காரருக்கு ஒரே கொண்டாட்டம். "பாத்தியா? கோடு வாங்கினவன்ல ஒருத்தனும் என்கிட்ட கத்துக்கிட்டவன் இல்ல. இதைப் போட்டவன் யாரோ, அவன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்." சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உங்க கூட்டத்து வேலை இல்லியே?"

"எங்களுக்கு அவ்வளவு மூளை இருந்தா நாங்க எதுக்கு பஸ் ஸ்டாப்புல போய் நிக்கறோம்?"

அதை அவர் உடனே ஒத்துக்கொண்டார். எனக்கு வருத்தமே அதுதான்.

மன்றம் கூடுகிற நாள் வந்தது. காலையில் சைக்கிளைத் துடைத்தேன். இதுதான் கடைசியாகத் துடைப்பதோ என்று நினைத்து, மணியையும் இன்னொரு தடவை துடைத்தேன். வீட்டுக்காரர் சலவைச் சட்டையில் நிலைக்கண்ணாடி முன்னால் நின்று, மன்றத்தில் பேசப்போவதைப் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லிக்கொள்ளாமல் முன்னதாகக் கிளம்பிவிட்டேன்.

தூறல் போட்டுக்கொண்டிருந்தது. பச்சைக் கோட்டும் கம்புமாக ரொட்டிக்கடைத் திருப்பத்துக்கு வந்தபோது பின்னால் ஹாரன், வைத்த கையை எடுக்காத ஹாரன். அந்த இடத்தில் சாலை குறுகும். ஒதுங்கினால் அதே சாக்கடை மூடி. முழங்கை ஞாபகம் வந்து நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். ஏதோ ஒன்று சர்ரென்று உரசிக்கொண்டு போனது. கம்பு வளைந்து, நிமிர்ந்தது. கண்ணைத் திறந்தபோது முன்னால் சாலை காலி. நன்றாகக் கண்ணைத் திறந்து பாருங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான்! மறுபடி ஏறி மிதிக்க மனசு வராமல் மீதி வழிக்குச் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போனேன்.

மன்ற அறையில் பச்சைக் கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு பெயின்டருக்கும் டாக்டரம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் அருமையாகப் பேசினார். அதை நானே சொல்லவேண்டியிருக்கிறது.

"கோடு எதுக்குங்க? ஓட்டறவனுக்குக் கண்ணும் பொறுமையும் இருந்தா போதும். அதைக் கத்துக் கொடுக்கத்தான் நான் இருக்கேன்."

கைதட்டல். மன்றத் தலைவரம்மா தலையாட்டினார். என் சைக்கிளை யாரோ விலை பேசுகிற மாதிரி இருந்தது எனக்கு. அடுத்து ஒருவர் ஊரில் பரவுகிற மஞ்சள் கோட்டைப் பற்றிக் கேட்டார். மன்றத்துப் பொறியாளர் அலட்சியமாகக் கையை அசைத்தார்.

"அது ஏதோ மட்டமான பெயின்ட்ங்க. ரெண்டு மழை பெஞ்சா தானா உதிர்ந்துடும்."

பெயின்டர் எழுந்துவிட்டார். டாக்டரம்மா சட்டையைப் பிடித்து இழுத்தார். எத்தனையோ கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய கை அது. அதற்கும் மனுஷன் அசையவில்லை.

"யாருங்க மட்டமான பெயின்ட்னது? அஞ்சு வருஷம் நிக்கும்! நானே கலந்தது!"

எல்லோரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

"அப்போ என் கார்ல இருக்கறது..." என்றார் தலைவரம்மா.

"நம்ம வேலைதாம்மா. நல்லா வந்திருக்கில்ல?"

தவளை தன் வாயால் கெடும். எங்கள் தவளை கூட இருந்த இரண்டு தவளைகளையும் இழுத்துக்கொண்டு கெட்டது. வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். "நீயுமா?" நான் தரையைப் பார்த்தேன். தலைவரம்மா மேசையைத் தட்டினார். "உங்களுக்குக் கோடும் கிடையாது, ஒண்ணும் கிடையாது!"

"ஒரு நிமிஷம்" என்று எழுந்தார் என் வீட்டுக்காரர். "இவங்க செஞ்சது தப்பு. ஆனா யாருக்குக் கோடு விழுந்திருக்கு? உரசினவனுக்குத்தான். ஒழுங்கா ஓட்டறவனுக்கு விழாது. என் கார் கீழதான் நிக்குது. ஜன்னல்ல எட்டிப் பாருங்க. ஒரு புள்ளி இருந்தா நான் பேசின மொத்தத்தையும் வாபஸ் வாங்கிக்கறேன்."

எல்லோரும் ஜன்னலுக்குப் போனார்கள். கீழே வெள்ளைக் கார் நின்றது. 'ஒரு கை தள்ளிப் போ' என்ற எழுத்தின் மேலேயே, வாத்தியார் தப்பு விடையை அடித்தாற்போல, முன் விளக்கிலிருந்து பின் விளக்கு வரைக்கும் ஒரு மஞ்சள் கோடு.

"காலைலதான் கழுவினேன்!" என்றார். அவர் குரல் கீச்சிட்டது.

"இன்னும் காயலை சார், கையை வெச்சுடாதீங்க" என்றார் பெயின்டர்.

"எங்க பட்டிருக்கும்... ஆங், அந்த ரொட்டிக்கடைத் திருப்பத்துல ஒரு பச்சைக் கோட்டு ஆமை மாதிரி ஊர்ந்துக்கிட்டிருந்தது. ஹாரன் அடிச்சேன், ஒதுங்கல. எனக்கு நேரமாச்சு. யாரோ ஒரு கிறுக்கு..."

நான் மடியிலிருந்த பச்சைக் கோட்டை உதறிப் போட்டுக்கொண்டேன். தொப்பியையும் இழுத்துவிட்டேன்.

அவர் முகம் வெளுத்துப்போனது. எனக்குக் கோபமான கோபம். கூடவே சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"கண்ணாடி பவர் மாறியிருக்கும்" என்றார் மெதுவாக.

"போன மாசம் நான்தானே டெஸ்ட் பண்ணேன்? பருந்துக் கண்ணு உங்களுக்கு. கண்ணுல ஒரு கோளாறும் இல்ல."

என் கையைப் பார்த்தார். "முழங்கை எப்படியிருக்கு?" என்று கேட்டார்.

"இருக்கு."

அவர் தலைவரம்மா பக்கம் திரும்பினார். "கோடு போட்டுடுங்கம்மா. மனசுல கோடு இருக்கறவனே, நேரமாச்சுன்னா அதை அழிச்சுடறான்."

ஜன்னலுக்கு வெளியே தலைவரம்மாவின் காரும் மஞ்சளாகத்தான் நின்றது. அவரும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, செய்த குற்றத்துக்குத் தண்டனையாக ரோட்டுக் கோட்டை நாங்களே கூலியில்லாமல் போடவேண்டும், பெயின்ட் மட்டும் மன்றம் கொடுக்கும் என்று தீர்ப்பானது. பெயின்டர் அந்த டப்பாவைத் திறந்து மோந்து பார்த்து அழாத குறை. "பால்ல தண்ணி கலந்து பாத்திருக்கேன்க்கா. தண்ணில பெயின்ட் கலந்து இப்பத்தான் பாக்கறேன்." டாக்டரம்மா கொறடும் கையுமாகக் காவல் நின்றதால் அவரால் எதையும் கலக்க முடியவில்லை.

கோடு அழகாகத்தான் வந்தது. அதற்குள் ராணி மாதிரி போய்வந்தேன். அப்புறம் ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. விடிந்து பார்த்தால் சாலை பளிச்சென்று கறுப்பாக இருந்தது. சாக்கடையில் மஞ்சள் ஓடியது. ஊரில் உள்ள கார்களில் மட்டும் எங்கள் கோடு ஜொலித்தது.

வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோடு போட்டதால்தானே சைக்கிள் தப்பியது? பேச்சு பேச்சுத்தானே? வீட்டுக்காரர் காரில் இருந்தார். ஓட்டும் இடத்தில், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கற்றுக்கொள்ள வந்த பெரியவர் ஒருவர் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்.

"கோடு போயிடுச்சுங்க" என்றேன்.

வீட்டுக்காரர் சாலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நீ போ. நாங்க பின்னாடி வரோம்."

போனேன். கார் என் பின்னால் ஊர்ந்தது. அதற்குப் பின்னால் டாக்ஸி, ரொட்டி வண்டி, பஸ் எல்லாம் சேர்ந்துகொண்டன. ரொட்டிக்கடைத் திருப்பம் வந்ததும் ஹாரன்கள் காதைப் பிளந்தன. காரின் கண்ணாடி இறக்கியிருந்ததால் உள்ளே பேசுவது எனக்குக் கேட்டது.

"சார், முந்தட்டுங்களா?"

"ஒரு கை இடம் இருக்கா?"

"இல்ல சார்."

"அப்போ பின்னாடியே போங்க."

"எல்லாரும் திட்டறாங்க சார். எனக்குக் கை நடுங்குது."

வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டிப் பின்னால் திரும்பினார். சொல்லிக்கொடுக்கிறவர் குரல், தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

"கொஞ்சம் பொறுங்கய்யா! முன்னாடி போறவ சாயந்திரம் வீட்டுக்குத் திரும்பி வரணும்!"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. சாக்கடை மூடியைத் தாண்டும்போது, வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் மெதுவாக மிதித்தேன்.