உலர்நாள்

1

"மாஸ்க் ரெண்டையும் அலசிட்டு வந்து பதில் சொல்றேன். அதுக்குள்ள ஜெயிச்சுட்டதா நினைச்சுக்காத."

இப்படிச் சொல்லிவிட்டு என் கணவர் நாற்காலியை விட்டு எழுந்து போனார். அங்கிருந்து தொடங்கலாம்.

உண்மையில் இது கதையே இல்லை. ஒரு பயண இதழின் ஆசிரியை கேட்ட ஒரு பக்கக் கட்டுரை: 'அடுத்து எந்தக் கடலில் முக்குளிப்பது? தேர்ந்தெடுப்பது எப்படி?' அந்தப் பக்கத்தை இத்தனை வருடம் எழுதியவர் என் கணவர்தான். "சார் ஸ்டைல்லயே எழுதிடுங்க மேடம். வாசகர்களுக்கு வித்தியாசம் தெரிய வேண்டாம்" என்றார் ஆசிரியை. கணவன் செத்தது வெளியே தெரியாமல் எழுதித் தர வேண்டும். சரி என்றேன். ஏன் சரி என்றேன் என்பதை நான்காம் பகுதியில் சொல்கிறேன், அதுவரை நிதானம் இருந்தால்.

2

முதல் முயற்சி: 'அடுத்த கடலைத் தேர்ந்தெடுக்குமுன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். தண்ணீரின் குளிர், நீரோட்டத்தின் வேகம், பக்கத்தில் மருத்துவமனை இருக்கி

(நிறுத்திவிட்டேன்.)

இரண்டாவது: 'கடலுக்கடியில் சத்தமே இருக்காது என்பார்கள். பொய். உங்கள் மூச்சு உங்களுக்கே அலுத்துப்போகிற அளவுக்குக் கேட்கும். கூட வருகிறவரின் மூச்சும்

(இதையும்.)

எங்கள் வீட்டு வழக்கத்தையே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் ஆளுக்கு ஓர் இடம் சொல்வோம். தன் இடத்தைப் புகழக் கூடாது. மற்றவர் சொன்ன இடத்தைத் திட்ட வேண்டும். யாருடைய இடத்தைத் திட்ட வார்த்தை தீர்ந்துபோகிறதோ, அங்கே போவோம். நான் ஆசைப்பட்ட ஒரு வளைகுடாவை, "அங்க மீனெல்லாம் திங்கக்கிழமை ஆபீஸ் போற மூஞ்சியோட திரியும்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டவர் அவர்.

கடைசியாகப் போன தீவில், அன்று சாயங்காலம் அவர் சொன்னது ஒரு குளிர்கடல். நான் சொன்னேன்: "ஷவர்ல தண்ணி கொஞ்சம் ஜில்லுனு வந்தாலே வீடே அதிருற மாதிரி கத்துவீங்க. அங்க போய் யார் மானத்தை வாங்கப் போறீங்க?"

சிரித்தார். முக்குளிக்கும் முகமூடிகளை எடுத்துக்கொண்டு எழுந்தார். மீதி முதல் பகுதியில் இருக்கிறது.

3

முக்குளிப்புக் கூடத்தின் பின்புறம், சாமான்களை நல்ல தண்ணீரில் அலசுகிற சிமெண்டுத் தொட்டி. அதன் பக்கத்தில் விழுந்து கிடந்தார். இதயம் என்றார் தீவின் மருத்துவர். முகமூடிகள் தொட்டிக்குள் கிடந்தன. அலசியிருந்தார்.

(இந்த விவரம் கதைக்குத் தேவையா என்று நெடுநேரம் யோசித்தேன். தேவையில்லை. இருக்கட்டும்.)

தீவில் பிணவறை இல்லை. காலையில் ஒரு சிறிய விமானம் வரும், அதில் அனுப்பியாக வேண்டும். அதை விட்டால் மறுநாள்தான். படகு அதைவிடத் தாமதம்.

இங்கே ஒரு விளக்கம். கடலுக்கடியில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடம்பில் கரைந்து தங்கிவிடும். அது மெல்ல வெளியேற வேண்டும். அதற்குள் உயரே பறந்தால், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி ரத்தத்தில் குமிழி கிளம்பும். கை கால் முடங்கலாம், உயிரும் போகலாம். அதனால்: கடைசியாக முக்குளித்த பிறகு ஒரு முழு நாள் விமானம் ஏறாதீர்கள். அந்த நாளை அவர் உலர்நாள் என்பார்.

நான் முந்தைய நாள் மத்தியானம் வரை தண்ணீருக்குள் இருந்தவள். விமானத் திடலில் முக்குளிப்புப் பயிற்சியாளர் என் பையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, நீங்க ஏறக் கூடாது. சார் இருந்திருந்தா உங்களை ஏற விட்டிருக்க மாட்டார்."

"அவரும் என்கூடத்தானே டைவ் பண்ணார். அவர் மட்டும் ஏறலாமா?"

பயிற்சியாளர் பையை விடவில்லை. விமானம் என் கணவரை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது.

உலர்நாளை அதே நாற்காலியில் உட்கார்ந்து கழித்தேன். கொழுந்தன் தொலைபேசியில் கூப்பிட்டார். "அண்ணி, அம்மா கேக்கறாங்க, இன்னும் ஒரு நாள் உங்களுக்கு அங்க என்ன வேலைன்னு." விளக்கினேன். சோடா பாட்டிலையும் சொன்னேன். அந்தப் பக்கம் யாரோ சொந்தக்காரர், புருஷன் போன நேரத்தில் பேசுகிற பேச்சா இது என்று சொன்னது காதில் விழுந்தது. எனக்காகக் காத்திருக்கச் சொன்னேன். காத்திருக்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, வீட்டுக் கூடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். மாமியார் வாசலிலேயே நின்றார்.

"கடல் பாத்து முடிச்சாச்சா?"

அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை.

4

மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். மகன் எழுதும் பக்கத்தை மட்டும் அத்தை பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பார், விளம்பரம் உட்பட. இவரோ ஒவ்வொரு கட்டுரையின் கடைசி வரியாக உலர்நாள் விதியைத் தவறாமல் எழுதுவார், நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஆகவே பழைய இதழ்களைப் பரணிலிருந்து இறக்கினேன். உங்கள் மகன் சொன்னதைத்தான் செய்தேன் என்று காட்டலாம் அல்லவா?

ஓர் இதழில்கூட அந்த வரி இல்லை.

ஆசிரியையிடம் கேட்டேன். "அது எப்பவுமே கடைசி வரி மேடம். இடம் பத்தலன்னா கடைசி வரியைத்தான் எடுப்போம். தவிர, ஜாலியா டூர் போறவங்களை எதுக்குப் பயமுறுத்தணும்?"

என் கணவர் அச்சில் வந்ததைப் படிக்கிற ஆளில்லை. கட்டுரையை அனுப்பியதும் மனம் அடுத்த கடலுக்குப் போய்விடும். அத்தை ஒன்று விடாமல் படித்தார். ஆனால் படிக்க வேண்டியது அங்கே இல்லை.

அதனால்தான் சரி என்றேன். அதே பக்கம், அதே பூதக்கண்ணாடி.

5

முடிவுகள்.

முதலாவது: நான் அன்றே விமானம் ஏறுகிறேன். நடுவானில் குமிழி கிளம்பி முட்டி வலிக்கத் தொடங்குகிறது. ஒரே வீட்டில் இரண்டு பிணம். 'கூடவே போயிட்டா மகராசி' என்று அத்தை நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுகிறார். எனக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கக்கூடிய ஒரே முடிவு இதுதான்.

இரண்டாவது: அத்தை இதைப் படித்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டு, "சாப்பிட்டியா?" என்கி

(அடித்துவிட்டேன். கதைதான் என்றாலும் ஓர் அளவு இருக்கிறது.)

மூன்றாவது, ஆசிரியைக்குப் பிடித்தது: 'ஆகவே நண்பர்களே, இந்த வருடம் நீங்கள் போக வேண்டிய கடல்' என்று எழுதி ஓர் ஊர்ப் பெயர். அது என்னிடம் இல்லை. எங்கள் வழக்கப்படி இடம் இன்னும் முடிவாகவில்லை.

6

இந்த முறை அந்த உலர்நாள் வரியை நடுவில் வைத்திருக்கிறேன், மூன்றாம் பகுதியில், சோடா பாட்டிலுக்கு அடுத்து. வாசகரே, கொஞ்சம் திரும்பிப் போய், உங்கள் கையிலிருக்கும் இதழில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அத்தையும் படித்திருப்பார். படித்துவிட்டு என்ன செய்வார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அவரைத் தெரியும் என்பதால் நான் எழுதவில்லை.

இடம் பற்றவில்லை என்றால் கடைசி வரியைத்தான் எடுப்பார்கள். ஆகவே யாருக்கும் வேண்டாத ஒன்றை அங்கே வைக்கிறேன்: அந்தக் குளிர்கடலைப் பற்றி நான் சொன்னதற்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.