ஒன்பதரை கேட்ட டிரைவர்

டர்போ மாட்டிய எஞ்சினுக்குக் கம்ப்ரெஷனை, அதாவது பிஸ்டன் காற்றை நெருக்கும் அளவை, எட்டரை மடங்குக்கு மேல் ஒரு பொட்டு ஏற்ற மாட்டாள் என்பதால், அந்தப் பட்டறைக்காரிக்கு வாடிக்கைக்காரர்கள் வைத்த பெயர் எட்டரையக்கா. இளவட்டங்கள் வந்து கெஞ்சுவார்கள், பெரிய மனிதர்கள் வந்து அதட்டுவார்கள். எவர் வந்தால் அவளுக்கென்ன? "டர்போ ஏற்கெனவே காத்தைத் திணிக்குது. அதுக்கு மேல பிஸ்டனும் சேர்ந்து நெருக்குனா எஞ்சின் தாங்குமா? எட்டரைன்னா எட்டரைதான். இஷ்டமிருந்தா வண்டியை விடு, இல்லன்னா வாசல் அந்தப் பக்கம்!" இருபது வருடமாக இதே பாட்டுதான்.

அப்பேர்ப்பட்டவளிடம் அவளுடைய வீட்டுக்காரரே போய், "என் வண்டிக்கு ஒன்பதரை வை" என்று கேட்டார் என்றால், மனுஷனுக்கு எவ்வளவு கொழுப்பு என்றுதானே தோன்றும்? கொழுப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அத்தனையும் பயம்.

அவர் பிக்கப் வண்டி டிரைவர். வீடு மாற்றுகிறவர்களின் கட்டில், பீரோவை ஏற்றிப் போவது தொழில். ஆறு மாதம் முன்னால், வீட்டில் மூச்சு விடாமல் காது டாக்டரிடம் போய் வந்தார். கனத்த சத்தங்கள் கேட்கும், மெல்லிய சத்தங்கள் போய்விட்டன என்றார் டாக்டர். ஹாரன் கேட்கும், எஞ்சின் உறுமல் கேட்கும். ஆனால் நாக்கிங் கேட்காது. லோடோடு மேடு ஏறும்போது பெட்ரோல் தன்பாட்டுக்கு வெடித்து, தகர டப்பாவில் சரளைக்கல்லைக் குலுக்கியதுபோல வருமே, அந்தச் சத்தம். அதைக் கேட்ட நிமிஷம் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்காவிட்டால் பிஸ்டன் பொத்துப் போகும். தானே சுதாரித்துக்கொள்ளும் கம்ப்யூட்டர் சமாசாரமெல்லாம் அந்தப் பழைய எஞ்சினில் கிடையாது. டிரைவரின் காதுதான் கதி.

அந்தக் காதோ லேசுப்பட்ட காது இல்லை. ஒரு காலத்தில் தெருமுனையில் வரும் வண்டியைக் கேட்டே எந்த சிலிண்டர் சரியில்லை என்று சொல்லிவிடுவார். "மூஞ்சிக்காகவா கட்டிக்கிட்டேன்? அந்தக் காதுக்காகக் கட்டிக்கிட்டேன்" என்று எட்டரையக்கா நாலு பேர் முன்னால் பெருமையடித்திருக்கிறாள். அவளிடம் போய் எந்த வாயால் சொல்வது? சாவியைப் பிடுங்கிக்கொண்டால்கூடப் பரவாயில்லை. பாவம் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டால் அவரால் தாங்க முடியாது.

அதனால், பிஸ்டன் மாற்ற அவர் வண்டியின் எஞ்சினைப் பிரித்தபோது ஒரு கணக்குப் போட்டார். காது நன்றாக இருக்கிற எந்த டிரைவரும் ஒன்பதரைதான் கேட்பான். சிக்னலில் டர்போ முழித்துக்கொள்ளும்வரை தூங்கி வழியாமல் வண்டி சட்டென்று பாயுமே! எட்டரையே போதும் என்று இவராகச் சொன்னால் அவளுக்குச் சந்தேகம் தட்டும். ஒன்பதரை கேட்டால், வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு எட்டரைதான் வைப்பாள். காதும் தப்பிக்கும், எஞ்சினும் தப்பிக்கும். அபாரமான யோசனை!

அவர் போய்க் கேட்டபோது, எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் குப்புறப் போட்டு, அதன் குழிகளில் ஊசிக்குழாயால் எண்ணெய் விட்டு அளந்துகொண்டிருந்த எட்டரையக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"சரி" என்றாள்.

"என்ன சரி?"

"ஒன்பதரையே வச்சுடலாம்."

அவருடைய கணக்கு தப்பிவிட்டது. வெயில் காலம் வருகிறதே என்று இழுத்தார். பெட்ரோல் எல்லா நாளும் ஒரே மாதிரி இருப்பதில்லையே என்றார். பீரோ கனம், மேடு செங்குத்து என்றார்.

"அடடா, கேட்டதும் நீங்க, பின்வாங்குறதும் நீங்களா? ஓட்டப்போறது யாரு? உங்க காது இருக்கும்போது எனக்கென்ன பயம்?" என்று சிரித்தாள்.

மூன்றாம் நாள் காலை, ஒன்பதரைக்கு ஏற்ற, தலை தட்டையான நாலு புது பிஸ்டன்கள் வந்து சேர்ந்தன. மேஜையில் துணி விரித்து, வரிசையாக வைத்து, முதல் பிஸ்டனில் ரிங்கை மாட்டப்போனாள். அவர் அதன்மேல் கையை வைத்து மூடினார்.

"வேண்டாம்மா. எனக்கு நாக்கிங் கேக்காது."

டாக்டர் சொன்னதையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினார். அவள் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னாள்.

"நிமிர்ந்து சொல்லு."

நிமிர்ந்தாள். கண் நிறைந்திருந்தது. "அப்ப நான் பேசினதெல்லாம்?"

"உன் குரலும் மெல்லிசுதானே. பாதி கேக்கும். மீதிக்குத் தலையாட்டிடுவேன்."

எண்ணெய்த் துணியை எடுத்து அவர் தோளிலேயே ஒன்று போட்டாள். "பாவி மனுஷா! நான் என்னென்னமோ நெனச்சு வெந்துக்கிட்டிருக்கேன்! ஒரு வருஷமா எது சொன்னாலும் ஒரு பதில் உண்டா? எப்பப் பாத்தாலும் வேண்டாம், கூடாதுன்னு சொல்றவளாச்சே, என் மேல வெறுத்துப்போச்சுன்னு நெனச்சேன். ஒரு தடவையாவது நீங்க கேட்டதுக்குச் சரின்னு சொல்லிப் பாப்போம்னுதான் ஒன்பதரைக்கு ஒத்துக்கிட்டேன். பயத்துல எனக்கு மூணு நாளாத் தூக்கமில்ல!"

தன் காதைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டதற்காக அவருக்கு வெட்கமாக இருந்தது.

"இதெல்லாத்தையும் திருப்பிக் குடுத்துட்டு, குழி வச்ச பிஸ்டனா வாங்கிட்டு வாங்க. எட்டரைதான். நாளைக்கே காதுக்கு மெஷினும் பாக்குறோம்" என்று மூக்கை உறிஞ்சினாள். பிறகு முனகினாள்: "போன மாசம் பாத்திரம் கழுவிக்கிட்டே ஒண்ணு கேட்டேன். பேப்பரை விட்டுத் தலையைத் தூக்கல நீங்க. அன்னிக்கு நான் சாப்பிடவே இல்ல, தெரியுமா?"

முனகியதில் பாதிதான் காதில் விழுந்தது, மீதியை உதட்டில் படித்துவிட்டார். "என்ன கேட்ட?"

"அது எதுக்கு இப்ப."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, முழங்கால் இடிக்க அவளுக்கு நேரெதிரே உட்கார்ந்தார். "இப்பக் கேளு."

புறங்கையால் முகத்தைத் துடைத்தாள். கன்னமெல்லாம் எண்ணெய். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பட்டறையே அதிரக் கத்தினாள்:

"என்னை இன்னும் பிடிச்சிருக்கா?"

எதிர்க் கடை டயர்காரர் கழற்றிக்கொண்டிருந்த டயரை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும். இருந்தாலும் அவரும் கத்தித்தான் சொன்னார்:

"பிடிச்சிருக்கு!"