ரெண்டாம் கியர்

என் வீட்டுக்காரருக்கு ஒரு பொருள் கெட்டுப்போனால் அதைச் சரிசெய்ய மனம் வராது. அதோடு வாழப் பழகிக்கொள்வார். மளிகைக்கடையில் தராசு மேசையின் கால் ஆடியது, அதற்கு ஒரு அட்டையை மடித்து வைத்தார். வாசல் கதவு சாத்தினால் நிற்கவில்லை, அதற்கு ஒரு செங்கல். அம்பாசிடரில் கியர் ஆடியது, அதற்கு நான்.

அது பழைய வண்டி. கியர்க் கம்பி ஸ்டியரிங்குக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். அங்கிருந்து அடியில் இறங்கும் ராடில் புஷ் என்கிற சின்ன வளையம் தேய்ந்துபோய், கம்பி தொளதொளவென்று ஆடும். ஏற்காட்டுக்குள் ஓட்டும்வரை தொல்லையில்லை. மலை இறங்கும்போதுதான் வினை. ரெண்டாம் கியரில் வந்தால்தான் இறக்கத்தில் வண்டி அடங்கும். இதுவோ பாதி வழியில் கியரைத் துப்பிவிடும். அதனால் நான் பக்கத்தில் உட்கார்ந்து கம்பியை விடாமல் அமுக்கிப் பிடித்துக்கொள்வேன். கொண்டை ஊசி வளைவு வந்தால் "உடு" என்பார். மாற்றிப் போட்டுத் திரும்பியதும் "புடி" என்பார். கலாவதி போன பிறகு எங்களுக்குள் பேச்சு ஏறக்குறைய இவ்வளவுதான்.

கலாவதி எங்கள் ஒரே மகள். சேலம் அம்மாபேட்டையில் தறி ஓட்டும் பையனைக் கட்டிக்கொண்டாள். வேறு சாதி. "இனி இந்த ஊட்ல அவ பேச்சு ஆகாது" என்றார் அவர். அத்தோடு சரி.

வியாழக்கிழமை கடையை மூடிவிட்டுச் சேலத்துக்குச் சரக்கெடுக்கப் போவோம். அவர் லீ பஜாரில் புளிக்கும் பருப்புக்கும் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போது நான், "கோட்டை மாரியம்மனக் கும்புட்டுட்டு வந்தர்றனுங்க" என்று டவுன் பஸ் ஏறி அம்மாபேட்டைக்குப் போய்விடுவேன். மகளுக்குத் தலை வாரிவிட்டு, கொண்டுபோன எலுமிச்சஞ்சோற்றை ஊட்டிவிட்டு, அவள் வீட்டுக் குங்குமத்தையே நெற்றியில் இட்டுக்கொண்டு திரும்பி வருவேன். மாரியம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். அவளும் ஒரு தாய்தானே.

ஏற்காட்டிலிருந்தே தனியாகப் பஸ்ஸில் போக வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எதற்கு என்று அவர் கேட்டால் நான் என்ன சொல்ல? கியர் பிடிக்கப் போகிறவளை மட்டும் யாரும் எதற்கு என்று கேட்க முடியாது.

இப்போது கலாவதிக்கு நிறைமாதம். தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய், சாப்பிடவைத்து, மகளைக் கையோடு அழைத்துவர வேண்டும். அதற்குக் கொடுத்துவைக்கவில்லை. வாரத்துக்கு ஒருமுறை அவள் முகத்தைப் பார்ப்பதாவது இருக்கிறதே என்றிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து இந்த மனிதர் வண்டியைக் கொண்டுபோய் மரியஜோசப்பின் மெக்கானிக் ஷாப்பில் விட்டுவிட்டார். கியரைச் சரிசெய்யவாம்! இத்தனை வருஷம் கழித்து எங்கிருந்து வந்ததோ இந்த ஞானோதயம். கடையை அவரிடம் விட்டுவிட்டு, காய் வாங்கப் போவதுபோல் ஷாப்புக்கு ஓடினேன்.

வண்டிக்கு அடியில் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன.

"தம்பி, ஜோசப்பு!"

கிரீஸ் அப்பிய முகத்தோடு அவன் வெளியே வந்தான். கையில் தேய்ந்த புஷ் இருந்தது. "பாருங்கக்கா, ஓட்டை எவ்வளவு பெருசாயிருக்குதுன்னு. இத வெச்சுட்டு மலை எறங்குனீங்களே, சாமி புண்ணியம்."

"அது இருக்கட்டும். மாட்டும்போது கொஞ்சம் ஆட்டம் வெச்சுரு."

"என்னக்கா?"

"அப்பப்ப கியரு நழுவோணும். நொம்ப வேண்டாம். ஒரு ஆளு புடிச்சாத் தேவலைங்கற மாதிரி."

என் முகத்தை உற்றுப் பார்த்தான். பைத்தியம் என்று நினைத்திருப்பான், நினைக்கட்டும். "அக்கா, தொழில்ல அப்பிடிப் பண்ணப்படாதுங்க. அதுவுமில்லாம அண்ணன் ஒருக்காவுக்கு ரெண்டுக்கா சொல்லீட்டுப் போயிருக்காரு, மலையேறும்போது ஒரு குலுக்கல்கூட இருக்கக் கூடாதுன்னு."

புளி மூட்டைக்குக் குலுங்கினால் என்ன, குலுங்காவிட்டால் என்ன! அழுகையை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வியாழக்கிழமை காலையில் வண்டி வாசலில் நின்றது. கியர்க் கம்பி போட்ட இடத்தில் அசையாமல் இருந்தது. என் கை இனி அதற்கு வேண்டாம். எலுமிச்சஞ்சோற்றுத் தூக்கை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றேன். என்ன சாக்குச் சொல்வதென்று ஒன்றும் தோன்றவில்லை.

"ஏம்புள்ள, ஏறலியா?" என்றார்.

"கியர்தான் நல்லா நிக்குதுங்களே. நா எதுக்கு?"

"ஏறுன்னா ஏறு."

ஏறினேன். வழக்கமான ரோட்டில் போகாமல் வண்டி சுற்றி இறங்கும் குப்பனூர் ரோட்டில் திரும்பியது. மடியில் சும்மா கிடந்த கைகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். குப்பனூர் தாண்டியது, அயோத்தியாப்பட்டணம் தாண்டியது. அம்மாபேட்டை வந்ததும் நேராக லீ பஜாருக்குப் போக வேண்டிய வண்டி இடப்பக்கம் ஒரு சந்தில் நுழைந்தது. அவர் யாரிடமும் வழி கேட்கவில்லை. தறிச் சத்தம் கேட்கும் வீடுகளைத் தாண்டி, சரியாகக் கலாவதி வீட்டு வாசலில் நிறுத்தினார்.

"உங்களுக்கு எப்பிடிங்க..."

"வாரா வாரம் கோயலுக்குப் போற பொம்பள, ஒருநாளாச்சும் புருசனுக்குத் துன்னூறு கொண்டாந்தியா?" என்றார், என் பக்கம் திரும்பாமலே. "மார்கழில ஒருநா உன் பஸ்ஸுக்குப் பின்னாடியே வந்தேன்."

பாவி மனிதர். மார்கழியிலிருந்து தெரிந்துகொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் "உடு, புடி" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நாலு அறை கொடுக்கலாம் போலவும் இருந்தது, காலில் விழலாம் போலவும் இருந்தது.

வண்டிச் சத்தம் கேட்டுக் கலாவதி வெளியே வந்தாள். அப்பாவைப் பார்த்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். அவர் இறங்கினார். வாசற்படி ஏறவில்லை. பின்கதவைத் திறந்து, சீட்டில் விரித்திருந்த மெத்தையைக் கையால் ஒருமுறை அமுக்கிப் பார்த்தார். அதை எப்போது விரித்தார் என்று எனக்குத் தெரியாது.

"கண்ணு," என்றார். "மாப்பளகிட்டச் சொல்லீட்டுத் துணி எடுத்துட்டு வா சாமி. கியரெல்லாம் சரி பண்ணியாச்சு. மேல போறவரைக்கும் உனக்கு ஒரு குலுக்கல் இருக்காது."