துணிக்கூரை காயும் வரை

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. பாதி, மாடி ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தது. மீதி, எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கண்ணாடிக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மா, என் மூக்குக்கண்ணாடியின் ஆடுகிற காலை முடுக்கிக்கொண்டே சொன்னது. ஐந்து நிமிட வேலைக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். நானும் எழுந்திருக்கவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'காலம் எல்லாவற்றின் மேலும் தூசாகப் படிகிறது. அந்தக் காரின் மேலும்...'

வேண்டாம். படிந்தது காலம் இல்லை. புறா எச்சம், மரப்பிசின், தையல் ஓரங்களில் பச்சைப் பாசி.

2

கார், கடைக்காரம்மாவின் கணவருடையது. லிஃப்ட் பழுது பார்க்கிறவர். நாளெல்லாம் ஜன்னலில்லாத இரும்புப் பெட்டிக்குள் வேலை பார்த்த மனுஷனுக்கு, தலைக்கு மேலே வானம் தெரிகிற வண்டிதான் வேண்டுமென்று ஆசை. எங்கேயோ தேடிப்பிடித்து, மேலே தகரத்துக்குப் பதில் மடக்குகிற துணிக்கூரை போட்ட பழைய கார் ஒன்றைக் கொண்டுவந்தார். கூரை சந்தன நிறம். அழுக்கைக் காட்டிக்கொடுப்பதற்கென்றே பிறந்த நிறம்.

வருஷத்துக்கு இரண்டு முறை அந்தத் துணியைக் கழுவுவார். அன்றைக்கு மனைவி கடையைத் திறக்கக்கூடாது. அவர் சோப்பு போட, இவர் தண்ணீர் ஊற்ற வேண்டும். நனைந்து, சிரித்து, யார் அதிகம் நனைந்தது என்று சண்டை போட்டு, காய்கிற வரைக்கும் காருக்குள்ளேயே உட்கார்ந்து பாட்டு கேட்பார்கள். (இதைச் சொல்லும்போது அம்மா திருப்புளியைக் கீழே வைத்துவிட்டார்.)

அவர் போய் ஆறு வருஷம். மாசம் ஒருமுறை எஞ்சினை மட்டும் ஓடவிட்டு, உறையைப் போட்டு மூடிவிடுவார் அம்மா. கூரையைத் தொட்டதேயில்லை.

3

இனி நாத்தனார் வருகிறார்.

ஐம்பதை நெருங்கும் நீச்சல் பயிற்சியாளர். அண்ணன் இருந்தவரை அவருக்கு இவர் 'குட்டி'தான். ஆறு வருஷமாக அண்ணியோடு பேச்சுவார்த்தை கிடையாது. காரணம் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. அண்ணன் இறந்த அன்று நாத்தனார் வந்த விமானம் நாலு மணி நேரம் தாமதம். வந்து இறங்கியபோது உடலை எடுத்துவிட்டிருந்தார்கள். வாசலில் கிடந்த நாற்காலிகளைத்தான் பார்த்தார்.

போன மாதம் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: அண்ணன் காரை நான் வைத்துக்கொள்கிறேன். அண்ணியும் ஒரே வரியில் பதில் போட்டார்: வந்து எடுத்துக்கொள்.

ஆனால் அந்தக் கோலத்தில் எடுத்துக்கொடுக்க மனசு வரவில்லை. சனிக்கிழமை காலை உறையை விலக்கினார். ஈரம் படாமல் முதலில் மெல்லிய தூரிகையால் தட்டி, தூசியைக் கருவியால் உறிஞ்சி எடுத்தார். பிறகுதான் தண்ணீர், துணிக்கூரைக்கென்றே உள்ள சோப்பு. குழாயைப் பீய்ச்சினால் நூல் பிரிந்துவிடும் என்று குவளையால் ஊற்றினார். தையல் இடுக்குகளுக்குப் பழைய பல்துலக்கி. எல்லாம் கணவர் செய்வதைப் பார்த்துப் பழகியது.

பாதியில் நாத்தனார் வந்து நின்றார். "எப்படி இருக்கே" என்று இவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பையை வைத்துவிட்டு, இன்னொரு பல்துலக்கியை எடுத்து மறுபக்கத் தையலைத் தேய்க்கத் தொடங்கினார். கூரைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். இரண்டு மணி நேரம். நான் ஜன்னலில் பார்த்தது இதைத்தான். தண்ணீர் முதலில் காப்பி நிறத்தில் வழிந்தது, பிறகு தேநீராக வெளுத்தது, கடைசியில் தெளிந்தது.

4

(இங்கே ஒரு சந்தேகம். நாத்தனாரை நான் பார்த்திருக்கிறேனே தவிர, ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் வாயில் வருவதெல்லாம் அண்ணி சொல்லிக் கேட்டது. ஒரு வரைவில் அவரைக் கொஞ்சம் கொடுமைக்காரியாக எழுதிவிட்டேன். அடித்துவிட்டேன். ஆறு வருஷம் முகம் கொடுக்காதவர், வந்ததும் பல்துலக்கியைக் கையில் எடுத்தாரே!)

5

மாலை ஐந்துக்கு நாத்தனார் சாவியைக் கேட்டார். இன்றே கிளம்ப வேண்டுமாம்.

அண்ணி முடியாது என்றார். சோப்பு போட்டுக் கழுவினதில் துணியில் மிச்சமிருந்த பழைய காப்புப் பூச்சும் போயிருக்கும். வழியில் மழை வரும் என்று வேறு சொல்கிறார்கள். புதிதாகப் பூசாமல் போனால் உள்ளே ஒழுகும். ஈரத்தின் மேல் பூசினாலோ பூச்சு ஒட்டாது. ராத்திரி முழுக்கக் காயட்டும், நாளைக்குப் பூசிக் கொடுக்கிறேன், காத்திரு என்றார்.

நீச்சல்குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கேட்கும்படி கத்திப் பழகிய குரல் நாத்தனாருடையது. அன்றைக்கு மிக மெதுவாக வந்ததாம்.

"எனக்காக நாலு மணி நேரம் காத்திருக்க முடியல உங்களால. இந்தத் துணிக்காக நான் ஒரு நாள் காத்திருக்கணுமா அண்ணி?"

அண்ணி உள்ளே போய்ப் படுக்கையை விரித்தார். நாத்தனார் வெகுநேரம் கார் பக்கத்திலேயே நின்றுவிட்டு, இருட்டிய பிறகு வந்து படுத்தார்.

6

மறுநாள் தொட்டுப் பார்த்தால் துணி மொடமொடவென்று காய்ந்திருந்தது. காரின் கண்ணாடிகளையும் வண்ணப்பூச்சையும் காகிதமும் ஒட்டுநாடாவும் வைத்து மறைத்தார்கள். ஒருவர் காகிதத்தைப் பிடிக்க, மற்றவர் ஒட்டினார். பிறகு பூச்சைச் சீராகத் தெளித்தார்கள். ஒரு சுற்று முடிந்தால் இன்னொரு சுற்றுக்கு அரைமணி பொறுக்க வேண்டும்.

அந்த அரைமணியில்தான் அண்ணி சொன்னார்.

"சொந்தக்காரங்க அவசரப்படுத்தினாங்கன்னு இத்தனை நாளா எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன். பொய். நான்தான் எடுக்கச் சொன்னேன். அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூட அந்த முகத்தைப் பார்த்துட்டு உட்கார என்னால முடியல. உன்னை நினைக்கவேயில்ல குட்டி."

'நாத்தனாரின் கண்களில் கண்ணீர்...' இல்லை. அப்படி நடக்கவில்லை. அவர் தூரிகையிலிருந்து முடியை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒன்று கேட்டார்:

"முகம் எப்படி இருந்துச்சு?"

இதை ஆறு வருஷமாக யாரும் கேட்டதில்லை. அண்ணி சொல்லத் தொடங்கினார். ஆஸ்பத்திரியில் அன்று காலை தானே அவருக்குச் சவரம் செய்துவிட்டது, கத்தி வழுக்கித் தாடையில் சின்னதாகக் கீறியது, "உன் கடைக்கு வர்றவங்க கண்ணெல்லாம் பத்திரமா இருக்கா?" என்று அவர் கிண்டல் செய்தது. அதற்கப்புறம் அவர் பேசவில்லை. போன பிறகும் அந்தக் கிண்டல் உதட்டோரத்தில் அப்படியே இருந்தது. ஒன்று விடாமல் சொன்னார். இரண்டாம் சுற்றுப் பூச்சு அன்று வெகு தாமதமாகத்தான் தெளிக்கப்பட்டது.

7

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் நாத்தனார் சாவியைத் திருப்பிக் கொடுத்து, கார் உங்களுக்குத்தான் அண்ணி என்கிறார். நாடகம்.

இன்னொன்றில் திரும்பிப் பார்க்காமல் ஓட்டிக்கொண்டு போகிறார். இதை எழுதிய அன்று எனக்கு யார் மேலோ கோபம்.

உண்மையில், கதையைச் சொல்லிக்கொண்டிருந்த அம்மா அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். வேறு ஆள் கடைக்குள் வந்தார். என் கண்ணாடியும் தயார்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். திங்கட்கிழமை நான் எட்டிப் பார்த்தபோது காரைக் காணோம். கடையும் பூட்டியிருந்தது. நாலு நாள் பூட்டியே இருந்தது. சொன்ன மழை பெய்யவேயில்லை. ஐந்தாம் நாள்தான், ஆடுகிற கண்ணாடியைச் சாக்கு வைத்து நான் உள்ளே போனது. அம்மாவின் நெற்றி, மூக்கு, கன்னம் எல்லாம் வெயிலில் கறுத்துப்போயிருந்தன. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த இடத்தில் மட்டும் இரண்டு வட்டம் வெளுப்பாக. கூரையை மடக்கிவிட்டு நாள்கணக்கில் போனால்தான் ஒருவருக்கு அப்படிக் கறுக்கும்.

எங்கே போனார்கள், யார் ஓட்டினார்கள், வழியெல்லாம் பேசினார்களா, பாட்டு கேட்டார்களா என்று நான் கேட்கவில்லை. எழுதவும் போவதில்லை. அந்த நாலு நாளை உங்களிடமே விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவசரப்பட்டு அவர்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடாதீர்கள்.