கேட்டால் அது கனவு

அச்சகத்தில் எல்லோரும் அவனை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். மெஷின் சத்தத்தையும் மீறி வாய் ஓயாமல் பேசிப் பாடிக்கொண்டிருந்த காலத்தில் வைத்த பெயர். மூளைக்காய்ச்சல் வந்து இரண்டு காதும் அடியோடு போன பிறகும் பெயர் மாறவில்லை. அப்போது மகள் குட்டிக்கு நாலு மாதம், அழ மட்டும்தான் தெரியும். இப்போது ஆறு வயது. வாய் மூடுவதே இல்லை என்று மனைவி நோட்டில் எழுதிக் காட்டுகிறாள்.

கனவில் அவனுக்குக் காது கேட்கும். ஆனால் குட்டி ஒருமுறைகூட அங்கே வந்து பேசியதில்லை.

பைண்டிங்குக்கு வந்த ஒரு புத்தகத்தில்தான் அவளை அங்கே வரவழைக்க ஒரு வழி கண்ணில் பட்டது. மை சரியாகப் பிடிக்காமல் கழித்துப்போட்ட தாள்களை வீட்டுக்கு எடுத்து வந்து படித்தான். பகலில் அடிக்கடி நின்று, இது கனவா நிஜமா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். தூங்குமுன் கடைசியாகக் கண்ட கனவை நினைவுக்குக் கொண்டுவந்து, 'அடுத்த கனவில், இது கனவு என்று எனக்கு ஞாபகம் வரும்' எனச் சொல்லிக்கொண்டே கண்ணயர வேண்டும். பழகிவிட்டால் கனவுக்குள் விழிப்போடு இருக்கலாம், நினைத்தவரை வரவழைக்கலாம்.

சோதிக்க அவனுக்குப் பெரிய வித்தை தேவைப்படவில்லை. காதருகே சொடக்குப் போடுவான். கேட்காவிட்டால் நிஜம், கேட்டால் கனவு. கட்டிங் மெஷின் பக்கத்தில், பஸ்ஸில், சாப்பாட்டுத் தட்டின் முன்னால் என்று நாள் முழுக்கப் போட்டான். "ரேடியோ ஸ்டேஷன் தேடுது" என்று கூட வேலை செய்பவர்கள் சிரித்தார்கள். ஐந்து மாதம் எதுவும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தில் சொடக்குக் கேட்டது.

அச்சகக் கூடம் ஆளில்லாமல் கிடந்தது. "குட்டீ!" என்று கத்தினான். தாள் கட்டுகளுக்குப் பின்னாலிருந்து பள்ளிச் சீருடையில் வந்தாள்.

"ஏதாவது பேசுடா கண்ணு."

"என்ன பேசணும்ப்பா?"

அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அடுத்த நொடியே அது யார் குரல் என்று தெரிந்துவிட்டது. சின்ன வயதில் அவனோடு மல்லுக்கு நின்ற தங்கையின் கீச்சுக்குரல்.

"இது உன் குரல் இல்லடா."

"அப்ப எதுப்பா என் குரல்?"

சிறுமியின் குரல் என்று அவன் ஞாபகத்தில் இருந்தது அது ஒன்றுதான். அவளுக்குக் கொடுக்க வேறு இல்லை. அழுதுகொண்டே விழித்தான்.

எதிரே தரையில் உட்கார்ந்து குட்டி பொம்மையிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அவ குரல் எப்படி இருக்கும்?" என்று மனைவியிடம் கேட்டான்.

அவள் நோட்டை எடுத்தாள். பேனாவோடு குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். கடைசியில், "எப்படிச் சொல்றதுங்க? குட்டியோட குரல் மாதிரிதான் இருக்கு" என்று நீட்டிவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவன் அந்தத் தாள்களைத் தொடவில்லை. ஆனாலும் குட்டி கனவில் வந்துகொண்டேதான் இருந்தாள். தங்கையின் குரலில் "அப்பா" என்பாள். அவன் காதைப் பொத்திக்கொள்வான்.

அந்த வருட மழைக்காலத்தில் கனவிலும் அவனுக்குக் காது கேட்பது குறையத் தொடங்கியது. முதலில் மெஷின்களின் சத்தம் நின்றது. அப்புறம் மனைவியின் குரல் மங்கியது. ஒரு நாள் குட்டி வந்து வாயைத் திறந்தபோது அந்தக் கீச்சுக்குரலும் வரவில்லை.